மேற்படி பெண்மணி உயிரோடு இருக்கிறார்

மார்ச் 4

அன்புள்ள தம்பிக்கு,

நலம். உன் நலமும் உன் மனைவியின் நலமும் உன் ரத்தக்கொதிப்பின் நலமும் அறிய ஆவல். எனக்கு லேசான இருமல். மற்றபடி குறையொன்றுமில்லை.

வந்து இறங்கியதும் நடந்ததை உள்ளபடியே எழுதுகிறேன், குதிக்காமல் படி. நான் தங்குவதற்கு ஏற்பாடு செய்திருந்த விடுதி பூட்டிக் கிடந்தது. சின்னப் பூட்டு இல்லை, துருப்பிடித்த பூட்டு. அதாவது என் கடிதத்துக்கு 'அறை உண்டு, வருக' என்று பதில் போட்டவர் யாரோ, எங்கிருந்தோ, பொழுதுபோகாமல் போட்டிருக்கிறார். பஸ் நிலையத்துக்கே திரும்பிப் போய் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். டிக்கெட் கவுண்டரில் இருந்த அம்மாள் வேலை முடிந்து கிளம்பும்போது என்னையும் என் முதுகு மூட்டையையும் பார்த்துவிட்டு, சாப்பிடுவதுபோல ஒரு சைகையும் தூங்குவதுபோல ஒரு சைகையும் காட்டினார். பின்னாலேயே போய்விட்டேன்.

பெண்கள் விடுதிக்கு இருபது வருஷத்துக்கு மேல் வார்டனாக இருந்து, சுவர் ஏறிக் குதித்தவள் யார் என்பதைச் செருப்பு மண்ணை வைத்தே சொன்ன உன் அக்கா, முன்பின் தெரியாத ஒருத்தி பின்னால் வேற்று நாட்டில் நடந்து போனாள் என்றால் உனக்கு எப்படி இருக்கும் என்று தெரியும். அதனால் ஆறுதலுக்கு இதையும் சொல்கிறேன்: அறைக்குள் போனதும் கதவுக்கு முட்டுக்கொடுத்து நாற்காலியை வைத்தேன். பாஸ்போர்ட்டை இடுப்பில் கட்டிக்கொண்டு படுத்தேன்.

காலையில் அந்தம்மாள் தேநீரோடு கதவைத் தள்ள, நாற்காலி தடாலென்று விழுந்தது. அவர் நாற்காலியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், தேநீரை வைத்துவிட்டுப் போனார். அன்று மாலை அதைவிடக் கனமான நாற்காலி ஒன்றைத் தானே தூக்கிக்கொண்டு வந்து என் அறையில் வைத்தார். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. ஆனாலும் அதையும் முட்டுக்கொடுத்துவிட்டுத்தான் படுத்தேன்.

அடுத்த ஊரின் தபால் நிலைய முகவரியைக் கீழே எழுதியிருக்கிறேன். என் பெயர் போட்டு அனுப்பினால் நான் வந்து கேட்கும்வரை வைத்திருப்பார்களாம்.

உன் அக்கா

*

மார்ச் 16

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கு யாவரும் நலம். உன் இருமல் எப்படி இருக்கிறது? என் ரத்தக்கொதிப்பு உன் கடிதம் வரும்வரை நன்றாக இருந்தது.

உன் வயதில் மற்றவர்கள் ஓய்வுபெற்றால் முழங்காலுக்கு எண்ணெய் தேய்ப்பார்கள். நீ மூட்டை தூக்கிக்கொண்டு கிளம்பினாய், சரி. தடுத்தால் கேட்கிற ஜாதி இல்லை நீ. ஆனால் ஒன்று நினைவில் வை. நம் குடும்பத்துக்குச் சோறு போட்டது சந்தேகம். நீ கேட்டைப் பூட்டிச் சம்பாதித்தாய். நான் இன்சூரன்ஸ் கம்பெனியில் பிறத்தியார் சொல்வதை நம்பாமலிருப்பதற்குச் சம்பளம் வாங்குகிறேன். போன வாரம்கூட ஒரு க்ளெய்ம். லாரி ஏரியில் விழுந்து மூழ்கிவிட்டதாம். அழுகை, கண்ணீர், சாட்சிக்கு இரண்டு மீனவர். நேரில் போய்ப் பார்த்தேன். லாரி இல்லை, அது போகட்டும். ஏரியே இல்லை.

சும்மா சோறு போடுகிறவன் சோற்றுக்கு விலை போடவில்லை என்றால் வேறு எதற்கோ போடுகிறான் என்று அர்த்தம். அவர்கள் முதலில் சாப்பிட்ட பிறகு நீ சாப்பிடு. கனமான நாற்காலியையே வை, வெட்கப்படாதே. எல்லாவற்றுக்கும் மேலாக, நம் வீட்டு முகவரியை யாருக்கும் கொடுத்துவிடாதே. ஆள் மாட்டினால் ஒருத்திதான், முகவரி மாட்டினால் குடும்பமே மாட்டும்.

உன் தம்பி

*

ஏப்ரல் 2

அன்புள்ள தம்பிக்கு,

நலம், நலமறிய ஆவல். இருமல் பாதி போய்விட்டது. உன் கடிதத்தை இன்றுதான் தபால் நிலையத்தில் வாங்கினேன். நடுவில் ஒரு மலையோர ஊரில் தங்கிவிட்டேன். உன் அறிவுரைகள் அருமை. கடைசி அறிவுரைதான் கொஞ்சம் தாமதம். முகவரியைக் கொடுத்துவிட்டேன்.

கொடுத்தது ஒரு வெல்டர் வீட்டில். ஊரிலுள்ள இரும்புக் கேட் எல்லாம் அவர் அடித்தது. அவர் வீட்டுக்குக் கேட் கிடையாது. ஏன் என்று சைகையில் கேட்டேன். 'நேரமில்லை' என்பதுபோலக் கையை விரித்தார். மனைவி ஆஸ்பத்திரியில் நர்ஸ். என் இருமலைக் கேட்டுவிட்டு என்னை வீட்டுக்குக் கூட்டிப்போனது அவர்தான். நாலைந்து நாள் இருக்க வைத்து, மார்பில் ஏதோ தைலம் தடவி, கசப்பாக ஒன்றைக் குடிக்கவைத்து, நான் முகம் சுளிப்பதைப் பார்த்துச் சிரித்தார். அவர் முதலில் சாப்பிடட்டும் என்று நான் காத்திருந்தால் பட்டினிதான் கிடந்திருப்பேன். விருந்தாளி வாயில் வைக்காமல் அவர்கள் ஸ்பூனைத் தொடுவதில்லை. உன் சட்டமும் அவர்கள் வழக்கமும் நேருக்கு நேர் மோதி, சூப் ஆறிப்போயிருக்கும்.

கிளம்பும் அன்று காலையில், மலைப்பாதையில் போய் அருவியைப் பார்த்துவிட்டு அப்படியே மறுபக்கம் இறங்கி அடுத்த ஊருக்குப் போவதாகத் திட்டம். சுமையைக் குறைக்க என் கம்பளிச் சால்வை, கனத்த பூட்ஸ், படித்து முடித்த புத்தகங்களைக் கட்டிலில் மடித்து வைத்தேன். அவர்களுக்கு உபயோகப்படட்டும். வாசலில் நின்று எப்படி விடைபெறுவது என்று தெரியவில்லை. 'போறேன்' என்று சொல்லி வளர்ந்தவர்களா நாம்? சின்ன அகராதியைப் புரட்டி, போவதற்கு ஒரு சொல்லும் வருவதற்கு ஒரு சொல்லும் எடுத்து, 'போயிட்டு வரேன்' என்று முறையாகச் சொன்னேன். அந்தம்மாள் முகம் மலர்ந்துவிட்டது. அடுப்பைக் காட்டி என்னவோ கேட்டார். நான் தலையை ஆட்டினேன். நம் தலையாட்டலில்தான் எல்லாப் பதிலும் அடங்கிவிடுமே.

அருவிக்குப் பின்னால் ஒரு தார்ச்சாலை. பால் வண்டிக்காரர் ஒருவர் நிறுத்தினார். அவர் போன ஊர் நான் நினைத்த ஊர் இல்லை, ஆனால் வண்டி நல்ல வண்டி. ஏறிவிட்டேன். இப்போது வெகுதூரம் வந்தாயிற்று.

அடுத்த முகவரி கீழே.

உன் அக்கா

*

ஏப்ரல் 9

(வெல்டரின் மனைவி எழுதியது. இன்சூரன்ஸ் கம்பெனியின் வெளிநாட்டு க்ளெய்ம் பிரிவு மொழிபெயர்ப்பாளர் தமிழில் தந்தது.)

மதிப்பிற்குரிய ஐயா,

தாங்களும் தங்கள் குடும்பத்தாரும் நலமாயிருப்பதாக நம்பப்படுகிறது.

தங்கள் சகோதரி (இனி 'மேற்படி பெண்மணி') எமது இல்லத்தில் தங்கியிருந்து, சென்ற மாத இறுதியில் ஒரு நாள் காலை, அருவிக்குப் போய்விட்டுத் திரும்பி வருவதாக வாய்மொழியாக உறுதியளித்துச் சென்றார். இரவு உணவு வேண்டுமா என வினவியதற்கு ஆம் எனத் தலையசைத்தார். உணவு தயாரிக்கப்பட்டது. மேற்படி பெண்மணி வரவில்லை.

எனது கணவரும் அண்டை வீட்டாரும் அருவியின் கீழ்ப்புறம் முழுவதும் தேடினர். பலனில்லை. மேற்படி பெண்மணியின் சால்வை, காலணி, புத்தகங்கள் எமது வீட்டில் இருப்பதைக் காவல்துறை கண்டது. அவை ஏன் இங்கு உள்ளன என்று எனது கணவரிடம் கேட்கப்பட்டது. அவர் கோபமாகப் பதிலளித்தார். அவர் கோபப்பட்டது அவருக்கு எதிரான ஆதாரமாகப் பதிவுசெய்யப்பட்டுள்ளது. தற்சமயம் காவலில் உள்ளார். பட்டறையின் பின்புறம் தோண்டப்பட்டு வருகிறது. இதுவரை கிடைத்தது பழைய சைலன்சர் ஒன்று.

ஜூன் மாதம் அவர் நகரச் சிறைக்கு மாற்றப்பட்டு, கொலை வழக்குத் தொடரப்படும். மேற்படி பெண்மணி உயிரோடு இருக்கிறார் என்ற தகவல் தங்களுக்கு வந்திருந்தால், அவ்வாறு ஒரே ஒரு வரி எழுதி, கையொப்பமிட்டு அனுப்பக் கோருகிறேன். வேறெதுவும் தேவையில்லை.

அவருக்கு இருமல் இருந்தது. குணமாகிவிட்டதா என்பதையும் தெரிவிக்கவும்.

இப்படிக்கு,
வெல்டரின் மனைவி

*

ஏப்ரல் 24

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கு யாவரும் நலம். உன் ஏப்ரல் கடிதம் கிடைத்தது. நீ நலமாக இருப்பதில் மகிழ்ச்சி.

இங்கே வெயில் கடுமை. போன வருஷத்தைவிட இந்த வருஷம் அதிகம் என்கிறார்கள். மாலையில் கொஞ்சம் காற்று வருகிறது. வந்தாலும் வெக்கைக் காற்றுதான். மழைக்கு இன்னும் நாளிருக்கிறது. ஆனால் மேற்கே மேகம் தெரிகிறது என்று பால்காரர் சொன்னார்.

ஒரு விஷயம். நீ தங்கியிருந்த வெல்டர் வீட்டுப் பக்கம் திரும்பிப் போகாதே. எக்காரணம் கொண்டும் போகாதே. அவர்களோடு கடிதத் தொடர்பும் வேண்டாம். ஏன் என்று கேட்காதே, ரத்தக்கொதிப்பு சரியில்லை. முன்னோக்கியே போ. பயணம் என்றால் முன்னோக்கிப் போவதுதானே.

மற்றவை நேரில்.

உன் தம்பி

*

மே 8

அன்புள்ள தம்பிக்கு,

நலம். இருமல் போயே போய்விட்டது. உன் ரத்தக்கொதிப்புக்கு என்ன ஆயிற்று?

உன் கடிதத்தில் பாதிக்குமேல் வானிலை. நீ குடை எடுத்துப்போகலாமா என்பதைக்கூட மனைவியிடம் கேட்கிறவன். விடுதியில் ஒரு பெண் காரணமில்லாமல் என்னிடம் வானிலை பேசினால், சுவருக்கு அந்தப் பக்கம் எவனோ நிற்கிறான் என்று அர்த்தம். நேராகப் போய் விளக்கைப் போடுவேன். இங்கிருந்து விளக்குப் போட முடியவில்லை. என்ன மறைக்கிறாய்? உடம்புக்கு ஏதாவதா? உன் மனைவிக்கு ஏதாவதா?

வெல்டர் வீட்டுக்கு ஏன் போகக்கூடாது? அவர்களுக்கு ஒரு நன்றிக் கடிதம் எழுதலாமா என்று நானும் யோசித்தேன். சாப்பாடு போட்டவர்களுக்கு நன்றி சொல்வது அவர்களை ஓட்டல்காரர்கள் ஆக்குவதுபோல என்று விட்டுவிட்டேன். வீட்டு மனுஷர்களுக்கு யாராவது நன்றி எழுதுவார்களா?

இப்போது ஒரு பல் டாக்டர் வீட்டில் இருக்கிறேன். தானும் குடும்பமும் ஊருக்குப் போவதாகச் சொல்லி சாவியை என் கையில் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். என்னைப் பற்றி அவருக்குத் தெரிந்ததெல்லாம் என் கடைவாய்ப் பல் ஒன்று சொத்தை என்பதுதான். உன் கம்பெனியில் இந்த மனிதருக்கு எந்த இன்சூரன்ஸும் கிடைக்காது. கழுத்தை உறுத்துகிறது என்று தலைமுடியைக் கிராப்பாக வெட்டிக்கொண்டேன். திட்டுவதானால் ஒரேயடியாகச் சேர்த்துத் திட்டு.

பதிலை உடனே போடு. வானிலை வேண்டாம்.

உன் அக்கா

*

மே 10

அன்புள்ள அண்ணிக்கு,

நமஸ்காரம். நான் நலம். உங்கள் தம்பியும் நலம், அவர் சொல்கிற ரத்தக்கொதிப்பு உள்பட. நேற்றுக்கூட மருந்துக் கடையிலிருந்து கருவி கொண்டுவந்து நானே பார்த்தேன். குழந்தைக்கு இருப்பதுபோல இருக்கிறது.

இது அவருக்குத் தெரியாமல் எழுதுவது. தெரிந்தாலும் பரவாயில்லை என்ற இடத்துக்கு வந்துவிட்டேன்.

போன மாதம் அவர் பெயருக்கு வெளிநாட்டிலிருந்து ஒரு கடிதம் வந்தது. ஆபீஸில் மொழிபெயர்த்து வாங்கிக்கொண்டு வந்து, சாப்பிடும்போது எனக்குப் படித்துக் காட்டினார். நல்ல மோசடி எப்படி இருக்கவேண்டும் என்பதற்கு உதாரணமாம். அதன் நகலை இத்துடன் வைத்திருக்கிறேன், முதலில் அதைப் படியுங்கள்.

படித்தாயிற்றா? உங்கள் தம்பி சொன்னதையும் கேளுங்கள். "அக்கா உயிரோட இருக்கா, அவ கடிதமே நம்ம கையில இருக்கு. இவங்க செத்துட்டான்னு எழுதறாங்க. அப்போ இது பொய்யா இல்லையா?" நான் சாம்பாரை ஊற்றினேன். "வேற எதுவும் வேணாமாம், கையெழுத்து மட்டும் போதுமாம். பாரு, அங்கதான் இருக்கு சூது" என்றார். இருமல் குணமாச்சா என்று எதற்குக் கேட்கிறாள் என்றேன். "அதான் தேர்ந்த கை. அந்த ஒரு வரியில ஆளை நம்பவைச்சுடுவான்" என்று ரசித்துச் சொன்னார்.

அண்ணி, நான் மருந்துக் கடையில் நிற்கிறவள். இருமல் என்று பொய் சொல்லிப் போதை மருந்து கேட்கிறவர்களைத் தினமும் பார்க்கிறேன். தன் இருமலைப் பற்றித்தான் மனுஷர் பொய் சொல்வார்கள். அடுத்தவர் இருமலை யாரும் சும்மா விசாரிக்கமாட்டார்கள். 'போயிட்டு வரேன்' என்று நீங்கள் வாசலில் சொன்னதை உங்கள் கடிதத்தில் மறுபடி எடுத்துப் படித்தேன். அவர்கள் அதை அப்படியே நம்பிச் சோறு வடித்து வைத்திருக்கிறார்கள்.

நான் ஒரு வரி எழுதி அனுப்பிவிட்டேன். ஆனால் நான் உங்கள் உடன்பிறந்தவள் இல்லையே, என் கையெழுத்து என்ன செல்லும்? ஜூனில் அந்த மனுஷரை மாற்றிவிடுவார்கள். எப்படியாவது முந்துங்கள்.

அன்புடன்,
உங்கள் தம்பி மனைவி

*

மே 26

தம்பிக்கு,

நலம் விசாரிப்பதை இந்த ஒரு கடிதத்துக்கு ஒத்திவைக்கிறேன்.

வெல்டர் வீட்டிலிருந்து, விரைவுத் தபாலில் எழுதுகிறேன். நீ போகாதே என்று எழுதிய வீடு.

உன் மனைவியின் கடிதம் கிடைத்த அன்றே கிளம்பினேன். நேற்று வாசலில் போய் நின்றேன். அந்தம்மாள் கதவைத் திறந்தார். என்னையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு கன்னத்தில் ஓங்கி ஒன்று விட்டார். இந்த வயதில் அறை வாங்குவது எப்படி இருக்கும் என்று நான் யோசித்ததே இல்லை. காது ஒலிக்கிறது. அடுத்த நிமிஷம் நெற்றியில் கை வைத்துக் காய்ச்சல் பார்த்தார். இரண்டும் ஒரே கை.

"வரேன்னு நீங்கதானே சொன்னீங்க" என்று அகராதியைப் பிடுங்கி விரலால் குத்திக் காட்டினார்.  எங்கள் ஊரில் திரும்பி வரப்போவதில்லை என்றாலும் அப்படித்தான் சொல்வது என்பதை எந்த மொழியில் சொல்வது?

ஊரில் யாரும் என் முகத்தைப் பார்ப்பதில்லை. வெல்டர் கொலைகாரர் என்று பெயரானதும் எல்லாருக்கும் பயம் வந்து, வீட்டுக்குக் கேட் போட ஆசைப்பட்டார்களாம். அடிக்கிற ஆள்தான் உள்ளே இருக்கிறார்.

போலீஸ் நிலையத்துக்குப் போய், செத்தது நான்தான் என்று சொன்னேன். அதிகாரி மிகவும் மரியாதையானவர், இங்கிலீஷ் பேசினார். உட்காரச் சொன்னார். பாஸ்போர்ட்டை வாங்கிப் புகைப்படத்தையும் என் கிராப்பையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். புகைப்படத்தில் கொண்டை. "பாஸ்போர்ட் திரும்பி வந்திருக்கிறது. அது நிரூபணம் ஆகிறது. நீங்கள் திரும்பி வந்திருப்பது தனி விஷயம்" என்றார். பாஸ்போர்ட் செத்தவளுடையது, அதை எடுத்து வந்து வெல்டரைக் காப்பாற்றப் பார்க்கும் கூட்டாளி நான். இது அவர் கருத்து. உன் மனைவி எழுதிய ஒரு வரியும் அவர் கோப்பில் இருக்கிறது. அனுப்பியவர் யாரென்று தெரியாததால் அதுவும் கூட்டுச் சதியாம். எனக்குக் கோபம் வரவில்லை. நீ சீருடை போட்டால் இப்படித்தான் இருப்பாய் என்று தோன்றியது. விடுதி கேட்டில் நின்றபோது நானும் இப்படித்தான் இருந்திருப்பேன்.

உடன்பிறந்தவர் யாராவது நேரில் வந்து இவள் என் அக்காதான் என்று சொன்னால் ஏற்பாராம். வெல்டரை மாற்றும் நாள் ஜூன் எட்டு. அவரைக் கம்பிக்கு வெளியே நின்று பார்த்தேன். அவர் என்னைப் பார்க்க மறுத்துச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

நீ வரவேண்டும். மாட்டேன் என்றால் எழுதவே வேண்டாம், நான் புரிந்துகொள்வேன்.

இன்னொன்று. உங்கள் தம்பிக்கு எங்கள் கடிதம் கிடைக்கவில்லையா என்று அந்தம்மாள் கேட்டார். தபால் சரியில்லை என்று சொல்லிவிட்டேன். உனக்காக நான் சொல்லும் கடைசிப் பொய்.

அக்கா

*

ஜூன் 2, தந்தி

புறப்பட்டுவிட்டேன். உடன்பிறந்ததை நிரூபிக்கும் சான்றுகள் எடுத்து வருகிறேன். நலம் விசாரிக்கச் சொல் இடமில்லை. தம்பி.

*

ஜூன் 9

அன்புள்ள உனக்கு,

நலம். நீயும் நலமாக இருக்கவேண்டும். நான் இல்லாத நாட்களில் கதவை இரண்டு தாழும் போட்டுப் படு என்று எழுத வந்தேன். உன் இஷ்டம்.

இதை எழுதுவது ஒரு ரயில் நிலையத்தில். வண்டி வர நேரமிருக்கிறது. நடந்ததை முழுக்கச் சொல்லிவிடுகிறேன். நீ என்னை ஏற்கெனவே என்ன நினைத்தாயோ, அதில் கொஞ்சமும் குறைக்கவேண்டி வராது.

போய் இறங்கியதும் அக்கா பஸ் நிறுத்தத்தில் நின்றிருந்தாள். எனக்கே ஒரு கணம் அடையாளம் தெரியவில்லை. கிராப்பு, கறுத்த முகம், பாதி உடம்பு. அந்த அதிகாரியை நான் குறை சொல்லமாட்டேன், அவர் நிலையில் நானும் க்ளெய்மை நிராகரித்திருப்பேன். தங்க ஓட்டல் உண்டா என்று கேட்டேன். இல்லை. வெல்டர் வீடுதான். அந்தம்மாள் என் பெட்டியை வாங்கிக்கொண்டு முன்னால் நடந்தார்.

மறுநாள், அதாவது நேற்றுக் காலை, போலீஸ் நிலையம். வெல்டரைக் கொண்டுபோக வண்டி வாசலில் தயாராக நின்றது. பிறப்புச் சான்று, பள்ளிச் சான்று, ரேஷன் அட்டை எல்லாவற்றையும் மேஜையில் பரப்பினேன். அதிகாரி ஒவ்வொன்றையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "காகிதம் எல்லாம் சரியாக இருக்கிறது. சரியாக இருக்கிற காகிதம்தான் எனக்குப் பயம்" என்றார். இது என் வாசகம். ஆபீஸில் புதிதாகச் சேருகிறவர்களுக்கு நான் சொல்வது. உலகத்தின் இன்னொரு மூலையில் வேறொருவர் வாயிலிருந்து கேட்கும்போது நன்றாக இல்லை.

அக்காவுக்குப் பொறுக்கவில்லை. "ஏண்டா, வாயில கொழுக்கட்டையா? அக்கான்னு சொல்லித் தொலையேன்டா" என்று எல்லார் முன்னாலும் திட்டினாள். நானும் பதிலுக்கு, "நீ எங்க வாயைத் திறக்க விட்ட? ஊர் ஊரா முகவரி குடுத்துட்டு வந்தவ நீதானே" என்றேன். அப்புறம் சிறுவயதிலிருந்து பாக்கியிருந்த எல்லாமும் வந்தது. எங்கள் தமிழ் அதிகாரிக்கு ஒரு வார்த்தைகூடப் புரிந்திருக்காது. எங்கள் இரண்டு பேரையும் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு சான்றுகளையெல்லாம் திருப்பித் தள்ளிவிட்டு, கோப்பில் எதையோ எழுதி முத்திரை குத்தினார். தனக்கும் ஒரு அக்கா உண்டு என்று மட்டும் சொன்னார்.

மத்தியானம் வெல்டரை விட்டுவிட்டார்கள். பெரிய ஆள். தோள் தொங்கிப்போயிருந்தது. தெருவில் அவர் நடந்துபோனபோது ஜன்னல்கள் மூடின. சாயங்காலம் எல்லாரும் ஒரே மேஜையில் உட்கார்ந்தோம். நான் வாயில் வைக்கும்வரை யாரும் ஸ்பூனைத் தொடவில்லை. அக்கா எழுதியது உண்மைதான்.

இரண்டாவது முறை பரிமாறும்போது வெல்டர் முதல்முறையாகப் பேசினார். தபால் கடைசியில் எப்போதுதான் வந்து சேர்ந்தது என்று கேட்டாராம், என்மேல் இரக்கப்பட்டு. தபால்காரர்களை நம்பவே முடியாது என்றும் சேர்த்துக்கொண்டார். அந்தம்மாளும் ஆமாம் என்றார். நான் தலையை ஆட்டியிருந்தால் போதும். ஆனால் வாழ்நாளெல்லாம் அடுத்தவன் பொய்யைப் பிடித்துச் சம்பளம் வாங்கியவனுக்கு, அந்தப் பொய்க்குத் தட்டை நீட்ட முடியவில்லை.

"வந்துதுன்னு சொல்லு. ஏப்ரல்லயே வந்துதுன்னு சொல்லு" என்றேன்.

அக்கா என்னைப் பார்த்தாள். "யோசிச்சுச் சொல்லு. நான் சொல்லிட்டேன்னா திருப்பி எடுக்க முடியாது."

"சொல்லு."

சொன்னாள். அந்தம்மாள் கரண்டியைப் பாத்திரத்தில் வைத்துவிட்டார். வெல்டர் ஒரே ஒரு சொல் கேட்டார். அதற்கு எனக்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை. "பொய்யின்னு நினைச்சேன்" என்றேன். மன்னிப்பும் கேட்டேன். அக்கா அதையும் சொன்னாள். அவளுக்குத் தெரிந்த சொற்கள் கொஞ்சம்தான், அதனால் சுருக்கமாகத்தான் போய்ச் சேர்ந்திருக்கும்.

 பிறகு வெல்டர், என்னைப் பார்க்காமல், அக்காவிடம் மெதுவாக ஏதோ சொல்லிவிட்டு எழுந்து போனார்.

"என்ன சொன்னார்?"

"இன்னிக்கு இங்கயே படுக்கட்டும். காலைல முதல் பஸ்ல போயிடணுமாம்."

என்னைப் பிடித்தவர்கள் வீட்டில் நான் பலமுறை படுத்திருக்கிறேன். என்னைப் பிடிக்காதவர் கொடுத்த படுக்கையில் படுத்தது இதுதான் முதல்முறை. போர்வை இரண்டு வைத்திருந்தார்கள்.

அக்கா இன்னும் சில வாரம் அங்கேயே இருப்பாள். அந்தம்மாள் கேட்டுக்கொண்டாராம். தினமும் கடைத்தெருவில் உயிரோடு நடமாடுவதுதான் அவளுடைய வேலை. இன்று காலையே கூடையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள். என்னை வழியனுப்பக்கூட நிற்கவில்லை, வேலை முக்கியம்.

அதனால் பஸ் நிறுத்தத்துக்குத் தனியாகப் போனேன். நின்றேன். பஸ் வந்தது. கை காட்டினேன். டிரைவர் என்னைப் பார்த்தார், நிறுத்தாமல் போய்விட்டார். அந்த வழக்குக்குப் பிறகு தெரியாத முகத்துக்கு அந்தப் பாதையில் யாரும் நிறுத்துவதில்லையாம், அக்கா முன்னாலேயே சொல்லியிருந்தாள். அடுத்த பஸ்ஸுக்குப் பெட்டிமேல் உட்கார்ந்து காத்திருந்தேன். அதுவும் நிற்காவிட்டால் அந்த வீட்டுக்கே திரும்பிப் போய் நிற்கவேண்டும். 

பட்டறை எதிரேதான். சுத்தியல் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது நின்றது. வெல்டர் கையைத் துணியில் துடைத்துக்கொண்டே சாலையைக் கடந்து வந்தார். என் பக்கத்தில் நிற்கவில்லை, கொஞ்சம் தள்ளி நின்றார். என்னைத் திரும்பிப் பார்க்கவுமில்லை. நான் எழுந்து நின்றேன். இரண்டு பேரும் சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். பஸ் தெரிந்ததும் அவர் சாலை நடுவுக்கே போய்க் கையைத் தூக்கினார். நின்றது.

டிரைவரிடம் ஜன்னல் வழியாக ஏதோ சொன்னார். நாலைந்து வார்த்தை இருக்கும். டிரைவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். பிறகு முன் ஸீட்டிலிருந்த தன் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

என்ன சொன்னார் என்று எனக்குத் தெரியாது. கேட்டுச் சொல்ல அக்காவும் பக்கத்தில் இல்லை. நல்லதாகத்தான் ஏதோ சொல்லியிருப்பார் என்று எடுத்துக்கொண்டு ஏறி உட்கார்ந்தேன்.

உன் உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் கணவன்